ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியவருக்கு



விலைவாசியைப் பற்றி எழுதினால் நாலு கடிதம் வரும். பாடசாலை அனுமதியைப் பற்றி எழுதினால் கொஞ்சம் கூடுதலாக வரும். அதிலும் பாதி பெயர் போடாதவை. சென்ற இதழில் மெதுவாக நகரும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்புப் போட்டு, "பார்த்தீர்களா, என்ன நினைத்தீர்கள்?" என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். குவிந்துவிட்டன. கையால் எழுதியவை, வட்ஸ்அப்பில் தட்டியவை, பஸ் இரைச்சலோடு பேசி அனுப்பிய குரல் பதிவுகள் என்று எல்லா விதமும் உண்டு. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கே உரிய ஒரு கடிதமும் வந்தது: நீளத் தாளில் தட்டச்சு செய்து, பந்திக்குப் பந்தி இலக்கமிட்டு, "மேற்கூறிய காரணங்களால்" என்று மனுப்போலவே முடித்திருந்தார் ஒரு சட்டத்தரணி. அவரிடம் பிறகு வருகிறேன்.

படங்கள் இவை. ஒன்று, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1972இல் சிங்களத்தில் தந்த 'நிதானய'. மற்றது, ராகுல் சதாசிவன் மலையாளத்தில் எடுத்து 2024 பெப்ரவரி 15ஆம் திகதி வெளியான 'பிரமயுகம்'. தமிழ்க் குரல் பதிவோடும் வந்ததால் நம்மவர்கள் பலர் அதைத் தமிழிலேயே பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. ஆனாலும் கடிதம் எழுதியவர்களில் பலர் இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசியிருக்கிறார்கள்.

முதலில் கோபக்காரர்கள். வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் சுருக்கமாகவே எழுதிவிட்டார்: "சேர், ஒன்றுமே நடக்கவில்லை. மழை பெய்கிறது, கிழவர் நடந்து வருகிறார், மறுபடியும் மழை பெய்கிறது. கடைசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்த்து முடித்தேன்." 'பிரமயுகம்' ஏறத்தாழ 2 மணித்தியாலம் 20 நிமிடம். அதை வேகமாக்கிப் பார்த்தால் மழை மழையாக இராது. மம்முட்டி படியிறங்கும் நடை சாப்ளின் நடையாகிவிடும். இதை எழுதும்போதே சிரிப்பு வந்தது. ஆனால் தம்பியைப் பழிப்பதற்காக எழுதவில்லை. இன்னும் பலர் இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். நித்திரை வந்தது என்கிறார் ஒருவர். பேய் எப்போது வரும் என்று காத்திருந்து பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள் என்கிறார் இன்னொருவர். பணம் மிச்சம் பிடிக்கத்தான் கலர் இல்லாமல் எடுத்தார்களா என்று கேட்டவரும் உண்டு.

இந்தப் படங்கள் மெதுவானவை என்று அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. அதை மறுத்து, "உங்களுக்குச் சினிமா விளங்காது" என்று மூக்கைச் சுளிக்கிற விமரிசகர் கூட்டத்தில் நான் இல்லை. மெதுவாக நகர்வதாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. சும்மா மெதுவாக நகரும் படங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் சன்னலோரம் நின்று வெளியே பார்ப்பவர், எதைப் பார்க்கிறார் என்று இயக்குநருக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மெதுவான நேரத்துக்குள் என்ன வேலை நடக்கிறது?

இதற்குப் பதில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. ஓர் அம்மா எழுதுகிறார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'பிரமயுகம்' பார்த்திருக்கிறார்கள். மாமியாருக்குக் கண் பார்வை மட்டு. காது நன்றாகக் கேட்கும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பசியோடு வந்த பாணன் தேவனை அந்தப் பாழடைந்த மனையின் உரிமையாளர் கொடுமண் போற்றி (மம்முட்டி) வரவேற்று, சாதியைக் கேட்டறிந்த பிறகும் உள்ளே இருத்தி, பாடச் சொல்லி, சாப்பாடு போடச் சொல்கிறார். பிள்ளைகள் "நல்ல ஐயாவாக இருக்கிறாரே" என்றார்களாம். மாமியார் மட்டும், "இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே, எழும்பி ஓடச் சொல்லு பெடியனை" என்றாராம். இன்னும் கொஞ்சம் போனதும் போற்றி இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னும் அந்தக் காட்சி. வாயிலும் விரலிலும் ஒலிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "இது மனுசன் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். படம் அதைச் சொல்ல இன்னும் நேரம் எடுக்கிறது.

அந்த மாமியாருக்கு விளங்கியது என்ன? பயம் அந்த வீட்டின் இருட்டில் இருக்கவில்லை, உபசாரத்தில் இருந்தது. திடுக்கிட வைக்க ஒரு நொடி போதும். கதவைப் படாரென்று சாத்தினால் நானும் திடுக்கிடுவேன், எங்கள் அச்சுக்கூடத்துப் பூனையும் திடுக்கிடும். ஒருவனை நம்ப வைப்பதற்கு நேரம் வேண்டும். இலை போட வேண்டும், பாயை விரிக்க வேண்டும், பாட்டைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். 'இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று அவன் வாயாலேயே வர வேண்டும். அதன் பிறகுதான் வாசல் பூட்டியிருப்பது தெரிய வேண்டும். இந்தப் படங்கள் இரண்டும் செய்வது இதைத்தான். நம்பிக்கை ஊற எவ்வளவு நேரம் ஆகுமோ, அந்த நேரத்தைப் பார்க்கிறவனிடமும் வசூலிக்கின்றன.

'நிதானய'வில் இது இன்னும் கொடூரம். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன்; ஐம்பது வருடத்துக்கு மேலான படம், கதை தெரிந்தால் கெட்டுப்போகிற ரகமும் அல்ல. ஜி.பி. சேனாநாயக்கவின் சிறுகதை, திரைக்கதை திஸ்ஸ அபேசேகர. நொடித்துப்போன பெரிய வளவு ஒன்றின் வாரிசு வில்லி அபேநாயக்க. புதையல் ஒன்று இருக்கும் இடம் அவனுக்குத் தெரியவருகிறது. அதை எடுக்க வேண்டுமானால் கழுத்தில் நான்கு மறுக்கள் உள்ள பெண்ணொருத்தியைப் பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஐரீனை அவன் கண்டுபிடிக்கிறான், கலியாணம் முடிக்கிறான். வில்லியாக காமினி பொன்சேகா, ஐரீனாக மாலினி பொன்சேகா. எதற்காக இந்தக் கலியாணம் என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இதை நமக்குச் சொல்லிவிட்டுப் பிறகு லெஸ்டர் அவசரப்படுவதே இல்லை. அவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், அவனை அவள் அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள். அவனுக்கும் அவள்மேல் பிரியம் உண்டாகிவிடுகிறது. தலை சீவும்போது, குனியும்போது, திரும்பும்போது நம் கண் தானாக அவள் பின்கழுத்துக்குப் போய்விடுகிறது. அவன் பார்க்கும் இடத்தை நாமும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒரு பேயும் வராமலே முதுகு சில்லிடுவது இதனால்தான்.

இந்தப் படத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்றைக் கவனித்தேன். ஆண்களும் பெண்களும் பார்த்தது ஒரே படம்தானா என்று கேட்கத் தோன்றும். ஆண்கள் எழுதியவற்றில் பெரும்பாலும் வில்லியின் மனப் போராட்டம், கடன் நெருக்கடி, குடும்பப் பெருமை என்று போகிறது. காமினியின் நடிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அது நியாயம்தான், அந்த நடிப்பு அப்படி. பெண்கள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. கொட்டாஞ்சேனையில் இளைப்பாறிய ஓர் ஆசிரியை சிறு வயதில் தகப்பனாரோடு தியேட்டருக்குப் போய்ப் பார்த்தவர். சிங்களம் அரைகுறையாக விளங்கிய காலம். தகப்பனார் காதுக்குள் சொல்லச் சொல்லப் பார்த்தாராம். அண்மையில் மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறார்: "அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுக் கயிற்றில் தொங்கிவிட்டார். எழுதி வைத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? அவள் பக்கத்துக் கதையை எழுத யார் இருக்கிறார்கள்?"

நான் அந்த ஆசிரியையின் பக்கம். கதை முழுவதும் வில்லியின் பார்வையில், வில்லியின் வாக்குமூலமாகவே வருகிறது. அவன் படித்தவன், அழகாகப் பேசுகிறவன், மனச்சாட்சி குத்துகிறவன். குத்திக் குத்தியே கடைசியில் கத்தியை எடுத்துவிட்டான். சடங்கு என்று நம்பித்தான் அவள் அவனோடு அந்த இடத்துக்குப் போகிறாள். புதையலும் வரவில்லை. படம் அவனுக்காக வாதாடவில்லை. ஆனால் அவனைப் பேசவிடுகிறது. பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் அவனுக்காக இரங்கத் தொடங்கினோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் வருகிறது. சிலருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "படம் எனக்கு மனக் கஷ்டமாகிவிட்டது, ஏன் சிபாரிசு செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தாய். மன்னியுங்கள் அம்மா, இன்னும் ஒருமுறை சிபாரிசு செய்கிறேன்.

இப்போது அந்தச் சட்டத்தரணியிடம் வருவோம். அவருக்குப் பேயிலும் ஆர்வமில்லை, ஒளிப்பதிவிலும் ஆர்வமில்லை. 'பிரமயுக'த்தில் போற்றியும் தேவனும் பகடை ஆடும் காட்சியை எடுத்துக்கொண்டு, உடன்படிக்கைச் சட்டத்தின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தேவன் தோற்றால் போற்றிக்குத் தன் காலத்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்த மனையை விட்டுப் போக முடியாது. தேவன் சம்மதித்துத்தான் ஆடினான். ஆனால் பசித்தவனிடம், ஒதுங்க வேறிடம் இல்லாதவனிடம், எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரியாதவனிடம் வாங்கிய சம்மதம் சம்மதமாகுமா? பகடை யாருடையது? விதி யார் சொன்னது? தோற்றவன் முறையிட அங்கே நீதிமன்றம் உண்டா? ஆறாம் பந்தியில் இப்படி எழுதுகிறார்: "புதுக்கடைக்கு வரும் ஏழைகளில் பலர் இப்படி ஏதோ ஒரு பகடையில் தோற்று, வாசிக்காத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள்தான்." இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. வழக்கு மெதுவாக நகர்வதைப் பற்றியும் அவர் ஒரு பந்தி எழுதியிருந்தார். தவணை மேல் தவணை கண்ட ஊருக்குப் படம் மெதுவாக இருப்பது ஒரு குறையா என்று. அந்தப் பகிடியை அவர் பெயரிலேயே விட்டுவிடுகிறேன்.

கொழும்பில் தங்கிப் படிக்கும் மட்டக்களப்புத் தங்கச்சி ஒருவர் இன்னொரு முனையைப் பிடித்தார். பாணன் சாதியைச் சேர்ந்த பாடகன், பெரிய மனையின் அதிபதி, அந்த மனைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருக்கும் சமையற்காரன். மூன்று பேரையும் ஒரு கூரையின் கீழ் வைத்துவிட்டால் பேயே தேவையில்லை என்கிறார். சமையற்காரனாக நடித்தவர் சித்தார்த் பரதன், பாணனாக அர்ஜுன் அசோகன். தங்கச்சியின் குறை ஒன்று: கொடுங்கோலை ஒருவன் கையிலிருந்து பறித்தால் அது இன்னொருவன் கைக்குப் போகிறது என்று காட்டிவிட்டு, அதுதான் உலகம் என்று படம் கையை உதறிவிடுகிறதாம். வாதாடக்கூடிய குறைதான். படத்தின் முடிவில் துவக்கோடு வரும் போர்த்துக்கேயச் சிப்பாய்களை அவர் மறந்துவிட்டார் என்று மட்டும் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டு மலையாள நாட்டுக் கதை அது. அந்தச் சிப்பாய்களின் ஆட்கள் நம் கரையில் 1505இலேயே இறங்கிவிட்டார்கள். அவர்களைத் துரத்த வந்த ஒல்லாந்துத் தளபதி ஹுல்ப்ட் 1656இல் கொழும்பு முற்றுகையில் செத்தார். புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான். ஒருவன் போய் இன்னொருவன் உட்கார்ந்த கதை இந்தத் தெருவுக்குப் புதிதல்ல.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். 'பிரமயுக'த்துக்கு வசனம் எழுதியவர் டி.டி. ராமகிருஷ்ணன். நம் நாட்டுப் போரைக் களமாக வைத்து மலையாளத்தில் 'சுகந்தி என்ன ஆண்டாள் தேவநாயகி' என்ற நாவலை எழுதியவர். அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்ற விசாரணை அவருக்குப் பழைய வேலை.

கறுப்பு வெள்ளை எதற்கு என்று கேட்டவர்களுக்கு. 1972இல் இலங்கையில் அது வழக்கமாக எடுக்கும் முறை. லெஸ்டருக்கு அதில் விசேஷத் தீர்மானம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. 2024இல் அது தீர்மானித்துச் செய்தது. ஹிச்கொக் 1959இல் கலரில் பெரிய படம் ஒன்று முடித்துவிட்டு அடுத்த வருடமே 'சைக்கோ'வைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். செலவும் குறைவு, இரத்தமும் சிவப்பாகத் தெரியாது. அதில் வரும் குளியலறைக் கொலையில் ஓடியது சொக்லேட் பாணி என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அமெரிக்காவில் அந்தப் படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரருக்குக் கட்டளை போட்டிருந்தார். ஒன்றரை மடங்கு வேகத்தம்பியை அவர் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

'பிரமயுக'த்தில் நிறம் இல்லாததால் கிடைத்த மிகப்பெரிய இலாபம் வேறு. அந்த மனைக்குள் நேரம் தெரியாது. வெயில் மஞ்சளா, அந்திச் செம்மையா, விடியலா என்று கண்டுபிடிக்க நம் கண்ணுக்கு நிறம் வேண்டும். மழையும் சாம்பல், வானமும் சாம்பல், ஓடும் சாம்பல். இன்று வந்தானா, பல நாளுக்கு முன் வந்தானா என்று தேவன் குழம்பும்போது, நமக்கும் அதே குழப்பம். அவனுடைய காலத்தைத்தானே போற்றி பகடையில் பிடுங்கினார்? பார்க்கிற நம்மிடமிருந்தும் பிடுங்கிவிட்டார்கள். ஒளிப்பதிவாளர் ஷெஹ்நாத் ஜலால் செய்த வேலை இது. 'நிதானய'வில் அதே வேலை வேறு விதம்: எம்.எஸ். ஆனந்தனின் ஒளிப்பதிவில் வெளுத்த கழுத்தும் கறுத்த மறுக்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. கலராக இருந்தால் சேலையின் நிறம், பூவின் நிறம் என்று கண் அலைந்திருக்கும்.

மூத்த வாசகர்கள் பழைய படங்களை இழுத்துக்கொண்டு வராவிட்டால்தான் அதிசயம். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'யை (1963) எழுதாத மூத்தவர் இல்லை. நூறு வயது தாண்டிய ஜமீன்தாராக நம்பியார் வந்த பிறகு இராத்திரி கிணற்றடிக்குப் போகப் பயந்தோம் என்கிறார் ஒருவர். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அடுத்த வருடம் அவர் மலையாளத்தில் இயக்குநராகி, பஷீரின் எழுத்தில் 'பார்கவி நிலையம்' எடுத்தார். அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் ஒரு பாழ் வீடு. மலையாளத்தின் முதல் பேய்ப்படம் என்று அதைத்தான் சொல்வார்கள். ஆக, கொடுமண் போற்றியின் மனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு துண்டு கோடம்பாக்கத்தில் போட்டது.

1954இல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' கதையையும் சிலர் நினைவுபடுத்தினார்கள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அன்று பார்க்கப் போனவர்கள் முணுமுணுத்தார்கள். இன்று தமிழ்ச் சினிமாவின் பெருமை என்கிறோம். இதை எடுத்துக்காட்டி, இன்று 'சலிப்பு' என்கிறவர்களை அடிக்கப் பார்ப்பது சரியில்லை. அன்று முணுமுணுக்கப்பட்ட படங்களில் எத்தனையோ இன்றும் முணுமுணுக்க மட்டுமே தக்கவை. 'பிரமயுகம்' அப்படி ஒதுக்கப்பட்ட படமும் அல்ல, ஓடியது. 72 வயதில் போற்றி வேடத்தைச் செய்த மம்முட்டிக்கு 2024க்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது.

என்னுடைய கருத்தையும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் 'நிதானய'தான் பெரிய படம். 'பிரமயுகம்' முதல் பாதியில் கட்டியெழுப்பிய பயத்தைப் பிற்பாதியில் விளக்கத் தொடங்கிவிடுகிறது. இவன் யார், அவன் எங்கிருந்து வந்தான், இது எப்படி அதுவானது என்று சமையற்காரன் சொல்லச் சொல்ல, கொட்டாஞ்சேனை மாமியார் ஒரு வாய் இறைச்சிச் சத்தத்தில் கண்டுபிடித்ததை நாம் பாடமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. விளக்கம் கூடக் கூடப் பயம் குறையும். லெஸ்டரின் படத்தில் எல்லா விளக்கமும் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது; அப்படியும் பயம் குறைவதில்லை, கூடுகிறது. சிங்களச் சினிமாவின் பொன்விழாவான 1997இல் அந்த ஐம்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த படமாக அதைத் தெரிவு செய்ததில் எனக்கு மறுப்பில்லை.

அந்தப் படத்தை நம் தமிழ் வாசகர்கள் 'அவர்களுடைய படம்' என்று தள்ளி வைப்பதில்தான் எனக்கு மனக்குறை. தயாரித்தது சிலோன் தியேட்டர்ஸ். 1928இல் அதைத் தொடங்கியவர் சிற்றம்பலம் ஏ. கார்டினர். ரீகல் தியேட்டர் நிற்கும் வீதிக்கே அவர் பெயர். 'நிதானய'வின் தயாரிப்பாளராக எழுத்தோட்டத்தில் வருவது அந்தோனிப்பிள்ளையின் பெயர். ஒளிப்பதிவாளரின் பெயரை மேலே சொன்னேன். பிறகு 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது என்னென்ன படச்சுருள்கள் சாம்பலாயின என்பதும் நமக்குத் தெரியும். மிஞ்சிய நல்லவற்றையாவது பார்க்காமல் விடலாமா? மாலினி பொன்சேகா 2025 மே மாதம் காலமானபோது தமிழ்ப் பத்திரிகைகளும் இரங்கல் எழுதின. எழுதியவர்களில் எத்தனை பேர் ஐரீனைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால் வம்பாகிவிடும்.

எப்படிப் பார்ப்பது என்பது பற்றியும் கடிதங்களில் நிறைய இருந்தது. தியேட்டரில் பார்த்தவர்கள் அநேகமாகக் குறை சொல்லவில்லை. போனில், பஸ்ஸில், சமைத்துக்கொண்டே, பாதி இன்று பாதி நாளை என்று பார்த்தவர்கள்தான் கூடுதலாகச் சலித்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் சவோயும் பிளாசாவும் ரொக்சியும், கொட்டாஞ்சேனையில் செல்லமஹாலும் இருந்த காலத்தில் விளக்கணைந்தால் வேறு வழியில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும். இப்போது அந்த வசதி எல்லோருக்கும் இல்லை; ரிக்கெற் விலையும் பஸ் காசும் சேர்ந்தால் நாலு பேருள்ள குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டிலேயே பாருங்கள். விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள், முடிந்தால் வீட்டில் முதியவர் ஒருவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முன்கூட்டியே விளங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு படங்களும் வேண்டாம்.

இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கும் பழைய படங்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கும்: 'நிதானய' போன்ற படங்களை நல்ல தமிழ் உபதலைப்போடு திரையிடுங்கள். அந்த ஆசிரியைக்குத் தகப்பனார் காதுக்குள் சொன்னார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. உபதலைப்பு எழுத இரண்டு மொழியும் தெரிந்த வாசகர்கள் நம்மிடமே இருக்கிறார்கள், முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

மற்றது உங்களுக்கு. கொழும்புத் தியேட்டர்களில் நீங்களோ உங்கள் அம்மா அப்பாவோ பார்த்துப் பயந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி அனுப்புங்கள். எந்தத் தியேட்டர், யாரோடு போனீர்கள், பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதும் வேண்டும். தெரிவானவை அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் வரும். வெள்ளவத்தைத் தம்பியும் எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன் 'நிதானய'வைச் சாதாரண வேகத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடிதங்கள் மாதக் கடைசிக்குள் கிடைத்தால் போதும். பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்